கோச் இல்லாமல் ஜெயித்த நான்கு ஆட்டங்கள்

திருச்சி ரோட்டில் எங்கள் மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு வழக்கு நெடுநாள் நடந்தது. ஒரு கால்பந்து அணி, தானே விரும்பிக் கேட்டு வாங்கிய கோச் பக்கத்தில் இல்லாதபோது நன்றாக ஆடுமா, கெடுத்து ஆடுமா என்பது வழக்கு. நன்றாக ஆடும் என்ற கட்சியிடம் பலமான சாட்சி இருந்தது. 1985 மாசி மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு ஆட்டங்கள், நான்கு வெற்றிகள், கடைசியில் ஒரு வெள்ளிக் கேடயம். நான்கிலும் கோச் பொம்மையன் மைதானத்து ஓரத்தில் நிற்கவில்லை. அவர் நின்று தொண்டை கிழியக் கத்திய ஆறு வருடங்களில் அதே அணி அரையிறுதியைத் தாண்டியதில்லை. எதிர்க்கட்சியிடம் சாட்சி ஏதும் கிடையாது, கோபம் மட்டும் இருந்தது.

இந்த வழக்கில் பொம்மையனை யாரும் விசாரிக்கவில்லை. அவரை உயிரோடு வைத்துக்கொண்டே அவர் இல்லாததன் நன்மைகளைப் பேசினார்கள்.

பொம்மையன் வடமதுரைப் பக்கத்துக்காரர். மழையை நம்பிய இரண்டு குழி நிலமும் மழையை நம்பாத வானமுமாக இருந்த குடும்பம். பத்தொன்பது வயதில் மில்லில் பதிலியாக, அதாவது நிரந்தரமில்லாத மாற்று ஆளாகச் சேர்ந்தார். முதலில் ப்ளோ ரூம், பிறகு கார்டிங். பஞ்சு பேலை உடைத்து, அடித்து, சீவி எடுக்கும் இடங்கள் இவை. நூலாகப் போகாத அத்தனையும் அங்கே காற்றில் நிற்கும். உள்ளே போகும்போது கருப்பு மனிதராகப் போய், வெளியே வரும்போது நரைத்த மனிதராக வரலாம். தலையைத் தட்டினால் நரை போய்விடும். நெஞ்சைத் தட்ட வழியில்லை.

அவர் மில் அணியில் லெஃப்ட் பேக், இடது பக்கத்தைக் காக்கும் ஆள். முழங்கால் போகும் வரை ஆடினார். கால் போன சமயத்தில் மூச்சும் போக ஆரம்பித்திருந்தது. கார்டிங் ஆட்களின் மூச்சுக்கு ஒரு விநோதமான குணம் உண்டு. வாரம் முழுக்க உள்ளேயே கிடந்தால் ஓரளவு பழகிக் கொடுக்கும். ஒரு நாள் லீவு எடுத்து நல்ல காற்றை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தால், அந்த முதல் நாள் கழுத்தைப் பிடிக்கும். ஓய்வெடுத்ததற்கு அபராதம் போடும் வியாதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1979இல் இருந்த பழைய மேனேஜருக்குப் பந்து என்றால் உயிர். அவர் பொம்மையனைக் கார்டிங்கிலிருந்து வெளியே எடுத்து அணிக்குக் கோச்சாகப் போட்டார். காலையில் பயிற்சி, மீதி நேரம் மைதானத்து நெருஞ்சி முள்ளைச் செதுக்குவது, பந்துக்குக் காற்றடிப்பது, கேட்டில் உட்காருவது. தூசி கிடையாது. அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது: 'அணிக்குத் தேவைப்படும் வரை.' டைம் ஆபீஸில் அதை டைப் அடித்தபோது அந்த வரியை நான் கவனிக்கவில்லை. பொம்மையன் கவனித்தார். "தேவைப்படும் வரைன்னா எது வரைங்க?" என்று கேட்டார். அது சும்மா வழக்கமாகப் போடுவது என்றேன்.

அவர் சொல்லிக் கொடுத்த விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கோன் டிபார்ட்மென்டில் நூல் சுற்றும் பேப்பர் கோன்களில் நசுங்கியவற்றைக் கழித்துப் போடுவார்கள். நாற்பதாம் நம்பர் நூலுக்கு மஞ்சள் கோன், அறுபதாம் நம்பருக்குப் பச்சை. மஞ்சள் பதினொன்று நம் ஆட்கள், பச்சை பதினொன்று எதிராளி. சிமென்ட் தரையில் அவற்றைப் பரப்பி, ஆட்டத்துக்கு முந்தின நாள் மணிக்கணக்கில் நகர்த்துவார். ஒரு மஞ்சளை எடுத்து ஒளித்துக்கொண்டு, "இப்ப ஓட்டை எங்கலே?" என்பார். பதில் சொல்வதற்குள் பக்கத்து மஞ்சளை ஆள் நகர்த்தியாக வேண்டும். "ஓட்டையப் பாத்தா ஆளைக் கேக்காத. போயி நில்லு. உன் எடத்துக்கு வேற எவனாச்சும் வருவான்." ஆறு வருடம் இந்த ஒரே பாடம்தான். மைதானத்தில் யாராவது நகராமல் நின்றால் அவர் கத்துவது ஊருக்கே கேட்கும்: "ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு?" பொடதி என்றால் பிடரி.

ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கத்தல் பிடிக்காது என்று நினைத்து, 1982இல் மதுரையிலிருந்து ஒரு படித்த கோச்சைக் கொண்டு வந்தார்கள். நீல நிறத்தில் மேலும் கீழும் ஒரே துணியாகப் போட்டிருந்தார். மூன்றாம் வாரம் பதினொரு பேரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். "அவரு வெரிகுட்ங்குறாரு சார். நல்லா ஆடுனாலும் வெரிகுட், முள்ளுல உதைச்சாலும் வெரிகுட். எங்களுக்குப் பொம்மையண்ணனே வேணும்" என்றார்கள். கேட்டு வாங்கிய கோச் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான்.

1984இல் புது மேனேஜர் வந்தார். பந்தைவிடக் கேடயத்தில் அவருக்கு ஆர்வம் அதிகம். அடுத்த தை கடைசியில், மில்களுக்கு இடையிலான போட்டி தொடங்க நான்கு நாள் இருக்கையில், பொம்மையனுக்கு நிமோனியா கண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், காப்டன் சோலைமுத்து ஒரு சாக்குப்பையோடு வார்டுக்குள் வந்தான். அவனும் லெஃப்ட் பேக், அவனும் கார்டிங். ஐந்து வருடமாகப் பதிலி. இருபத்தாறு வயது. பொழுதுவிடிந்ததும் அவனும் இரண்டு நிமிடம் இருமத் தொடங்கியிருந்த சமயம். பையைக் கட்டிலில் கவிழ்த்தான். மஞ்சளும் பச்சையுமாகக் கோன்கள் உருண்டன.

"என்னலே இது?"

"நாளைக்கு எப்புடி நிக்கிறதுன்னு வச்சுக் காட்டுங்கண்ணே."

பொம்மையன் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து போர்வையை நீவிவிட்டு வைக்க ஆரம்பித்தார். "முட்டிய மடக்காதீங்கண்ணே, கோல் போஸ்ட்டு சாயுது" என்றான் சோலைமுத்து. அடுத்த கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த அகரத்துச் சம்சாரி எட்டிப் பார்த்து, "என்னப்பு, சோழியா உருட்டுறீக? எனக்கும் ஒரு தரம் பாருங்க. மாடு விக்குமா, விக்காதா?" என்றார்.

மறுநாள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் மேனேஜர் கேட்டுக்கே வந்து சோலைமுத்துவின் கையைக் குலுக்கினார். "கோச் இல்லாமலே ஜெயிச்சிட்டீங்களே! நீயே எல்லாத்தையும் பாத்துக்கிட்டியாமே?" சோலைமுத்து வாயைத் திறந்தான். கார்டிங்கிலிருந்து வெளியே வந்த முகம், இமையெல்லாம் பஞ்சு. மேனேஜர் தொடர்ந்தார்: "கேடயம் வரட்டும். உன்னைப் பெர்மனென்ட் பண்றேன். கோச் வேலையையும் நீயே பாரு." திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். நான் பக்கத்தில் இருந்தேன். கெட்ட எண்ணத்தில் மூடிய வாயாக எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்குவதற்காக மூடியது போலத்தான் இருந்தது.

தூசிக்கு வெளியே இருந்தது ஒரே நாற்காலி, அதற்கு இரண்டு நெஞ்சுகள்.

இரண்டாம் சனிக்கிழமையும் கோன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வெற்றி வந்தது. புதன்கிழமை, அணியில் கோல் காக்கும் அப்துல் கையூம் பார்க்க வந்தான். பேகம்பூர்க்காரன், கோன் டிபார்ட்மென்ட். நசுங்கிய கோன்களை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான்.

"அண்ணே, ஒரு சேதி. கோவப்படக் கூடாது."

"கோவப்பட மூச்சு வேணும்லே. சொல்லு."

"மில்லுல சோலைதான் கோச்சுன்னு பேச்சு. கேடயம் வந்துச்சுன்னா உங்க எடம் அவனுக்காம். மேனேஜரே சொல்லிட்டாரு."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் சேதி."

"நான் போயி மேனேஜர்ட்டச் சொல்லிரட்டாண்ணே? கோனு, சாக்குப்பை எல்லாத்தையும்?" என்றான் கையூம்.

"நீ சொல்லாத. அவன் வாயால சொல்லட்டும்."

அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளில் மோசமானது இந்த மரியாதைதான் என்று நினைக்கிறேன். மைதானத்தில் ஓட்டையைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் போய் நில் என்று சொல்லிக் கொடுத்தவர், இங்கே இன்னொருவன் வந்து நிற்பான் என்று காத்திருந்தார்.

சனிக்கிழமை சோலைமுத்து வந்தான்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"நல்லா ஆடுறோம்னாரு."

"வேற?"

சோலைமுத்து பச்சைக் கோன் ஒன்றின் நசுங்கலை நிமிர்த்திக்கொண்டிருந்தான். "வேற ஒண்ணுமில்லண்ணே."

பொம்மையன் கோன்களைப் பரப்பினார், ஒழுங்காகவே. தப்பாக வைக்கலாம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. அரையிறுதியிலும் அணி ஜெயித்தது. ஆறு வருடமாகத் தாண்டாத கோடு அது. மில்லில் லட்டு கொடுத்தார்கள். வார்டுக்கு ஒன்று வந்தது, பாதியை அகரத்துச் சம்சாரிக்குக் கொடுத்தார்.

தப்பாக வைக்கலாம் என்பது சிவனம்மாளுக்குத்தான் தோன்றியது. பொம்மையனின் மனைவி, பூ மார்க்கெட்டில் கட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "இம்புட்டு நாளா செயிக்கச் சொல்லிக் குடுத்தீகள்ல. ஒரே ஒரு தரம் தோக்கச் சொல்லிக் குடுங்க."

"கிறுக்கா உனக்கு?"

"டாக்டர் என்னா சொன்னாரு? திரும்பத் தூசிக்குள்ள போனா ஒரு வருசம், மிஞ்சிப்போனா ரெண்டுன்னாரு. அவுக தோத்தா நீங்க வேணும்பாக. செயிச்சா நீங்க வேணாம்பாக. இதுல கிறுக்கு யாரு?"

இவ்வளவு சுருக்கமாக அந்த வழக்கை டீக்கடையில் ஒருவரும் எடுத்து வைத்ததில்லை.

கடைசிச் சனிக்கிழமை சோலைமுத்து வீட்டுக்கு வந்தான். எதிரணி மதுரைப் பக்கத்து மில். அவர்களுடைய ரைட் அவுட், வலது ஓரமாகப் பந்தோடு ஏறி வருபவன், காற்று மாதிரி ஓடுவான். அவனைக் கட்டிவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. அவனைக் கட்ட வேண்டிய ஆள் நம் லெஃப்ட் பேக், அதாவது சோலைமுத்து. பொம்மையன் தரையில் கோன்களை வைத்தார். சோலைமுத்துவின் மஞ்சளை எடுத்து முன்னால் கொண்டுபோய், எதிராளி கோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ மேல போயி நில்லு. பின்னாடி வராத."

இடது பக்கம் வீடு திறந்து கிடந்தது போல் இருந்தது. சோலைமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, எடது பக்கம்..."

"சொன்னதைச் செய்."

சிவனம்மாள் அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. சோலைமுத்து ஒருமுறை பொம்மையன் முகத்தைப் பார்த்தான். பிறகு கோன்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, "சரிண்ணே, வாரேன்" என்று எழுந்தான்.

மறுநாள் மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் கூட்டம். பொம்மையனும் சிவனம்மாளும் டவுன் பஸ்ஸில் வந்து, கடலை விற்பவர்களுக்குப் பின்னால், அணியின் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்தார்கள். கழுத்தைச் சுற்றித் துண்டு. தோற்றதும் எழுந்து முன்னால் போய் நிற்பதாக ஏற்பாடு. மேனேஜர் பார்க்க வேண்டும் அல்லவா?

சோலைமுத்து சொன்னபடி செய்தான். மேலே போய் நின்றான். ஒன்பதாவது நிமிடம் மதுரை ரைட் அவுட் அந்தத் திறந்த வீட்டுக்குள் ஓடி வந்து கோல் போட்டான். நம் மில் ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். சிவனம்மாள் நன்றாக மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ரைட் அவுட் இரண்டாம் தரம் கிளம்பியபோது, நடுவில் நின்ற ஸ்டாப்பர் இடது பக்கம் நகர்ந்து வழியை அடைத்தான். ஸ்டாப்பரின் இடம் காலியானது. அங்கே வலதுபக்கத்து ஆள் வந்தான். ஒருவனும் ஒருவனைக் கேட்கவில்லை. சிமென்ட் தரையில் ஆறு வருடம் நகர்ந்த மஞ்சள் கோன்கள் புல்லில் நகர்ந்தன. அரை மணிக்குள் சோலைமுத்துவே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்து தன் பழைய இடத்தில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று ஆனது.

கடைசிப் பத்து நிமிடத்தில் ரைட் அவுட் மறுபடி தப்பி ஓடினான். ஸ்டாப்பர் அசையாமல் நின்றான். பொம்மையன் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டார், வாய் திறந்துவிட்டது. சிவனம்மாள் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "பேசாம இருங்க. செத்த நேரந்தான்."

அவர் பேசவில்லை. ஆனால் குரல் கேட்டது. கோலில் நின்ற கையூம் அடித்தொண்டையில் கத்தினான்: "ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு?"

ஸ்டாப்பர் போய் நின்றான். பந்து திரும்பியது. நான்கு கால் மாறி மறுபக்கம் போய்க் கோலானது. இரண்டுக்கு ஒன்று.

பொம்மையன் தோற்கடிக்கப் பார்த்த அணியை, பொம்மையன் ஜெயிக்க வைத்துவிட்டார். எதைச் செய்தால் தன் வேலை நிற்குமோ அதைச் செய்ய முடியாத அளவுக்கு ஏற்கெனவே தன் வேலையைச் செய்து முடித்திருந்தார். முன்னால் போய் நிற்கக் காரணம் இல்லாததால் இருவரும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

மேனேஜர் அவருக்கே உரிய முறையில் நியாயமானவர். சொன்னபடி சோலைமுத்துவைப் பெர்மனென்ட் ஆக்கினார். கோச் வேலையைப் பற்றி மட்டும் மறுபடி யோசித்தார். "கோச் இல்லாமலே கேடயம் வாங்குற டீமுக்குக் கோச் எதுக்கு?" என்று என்னிடமே கேட்டார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அந்தப் பதவியே எடுக்கப்பட்டது. 'அணிக்கு இனித் தேவைப்படாததால்' என்று தொடங்கும் உத்தரவையும் நான்தான் டைப் அடித்தேன். பொம்மையனுக்குக் கார்டிங், காலை ஷிப்ட். பெர்மனென்ட் ஆன சோலைமுத்துவுக்கும் கார்டிங், அதே ஷிப்ட், அடுத்த மெஷின். நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் எடுத்துப்போய்விட்டார்கள்.

அந்த மெஷின்களின் இரைச்சலில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பொம்மையனால் இப்போது கத்த முடியாது. அதனால் சோலைமுத்து தன் காதை அவர் வாய்க்கருகே கொண்டுபோவான். ஒரு நாள் அவன்தான் கேட்டான். இதைப் பிறகு பொம்மையனே எனக்குச் சொன்னார்.

"அண்ணே, கடைசி ஆட்டத்துக்கு வேணும்னேதானே தப்பா வச்சீங்க?"

"ஆமாலே."

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே."

பொம்மையன் மெஷினை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். "தெரிஞ்சுமாலே போயி மேல நின்ன?"

"மேனேஜர்ட்ட வாயத் தொறந்து சொல்ல முடியல. தோத்தாவது உங்க எடத்தை உங்கட்டக் குடுத்துரலாம்னு பாத்தேன்." சோலைமுத்துவின் இமையில் பஞ்சு இருந்ததால் அழுதானா என்று தெரியவில்லை என்றார் பொம்மையன். "கால் கேக்கலண்ணே. அதுபாட்டுக்குப் பின்னாடி வந்துருச்சு."

ஆக, கோச்சும் தோற்கப் பார்த்தார், காப்டனும் தோற்கப் பார்த்தான். கோன் வைத்தது பொம்மையன் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை ஒருவன் சொல்லியிருந்தால், அல்லது மற்றவர் கையூமைச் சொல்லவிட்டிருந்தால், தோற்கவே வேண்டியிருக்காது. அந்த வாக்கியம் ஒரு இறுதி ஆட்டத்தை விடக் கடினமாக இருந்திருக்கிறது.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று பொம்மையனைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? ஸ்டாப்பர் கடைசில லேட்டா போனான், அவன்ட்டச் சொல்லுன்னேன்" என்றார்.

டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடியும் முன்பே, 1986 பொங்கல் கழித்துப் பொம்மையன் இறந்தார். நாற்பத்து நான்கு வயது. வார லீவு முடிந்து உள்ளே போன நாள் அது. மத்தியானம் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அணி முழுதும் தூக்கிக்கொண்டு போனது. சிவனம்மாள் சோலைமுத்துவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாள்.

"அன்னிக்கு நீ சொல்லியிருக்கலாம்லப்பா?"

"சொல்லியிருக்கலாம்க்கா."

கோன்கள் இருந்த சாக்குப்பையை அவன் கொண்டுவந்து திண்டாடி நின்றான். அவள் வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பேப்பர் கோன் நன்றாக எரியும்.

அந்த மாசியில் அணி முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கித் தோற்றது, மூன்று சோலைமுத்து நின்ற இடது பக்கமாக. மறுநாள் டீக்கடையில் வழக்கு சூடு பிடித்தது.

"கோச் இல்லாட்டி இப்புடித்தான்யா ஆகும்."

"போன வருசம் மட்டும் இருந்தாராக்கும்?"

இரண்டு கட்சியும் சோலைமுத்துவின் முகத்தைப் பார்த்தது. அவன்தான் இரண்டு வருடமும் ஆடியவன். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், இருமல் வந்தது. நின்று இருமி முடித்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சங்கு ஊதியதும் கேட்டுக்குள் போனான். திங்கட்கிழமை. முந்தின நாள் லீவு.